தண்ணீர் வரும் நாளைச் சொல்லிவிட்டு அபராதம் போடுங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் தெருவில் நடந்த டெங்கு ஆய்வில் மூன்று வீடுகளுக்குத் தலா 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். ‘கொசுப்புழு கண்டறியப்பட்டது’ என்கிறது ரசீது. அந்தத் தண்ணீரை ஏன் பிடித்து வைத்தோம் என்று எழுத அதில் இடமில்லை.

விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துத்தான் மழைக்காலம் வந்தால் ஆட்டோவில் ஒலிபெருக்கி அனுப்புகிறீர்கள். தெரியும் ஐயா. ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகும், பகலில் கடிக்கும். 2017இல் மாநிலத்தில் 23,000 பேருக்கு மேல் டெங்கு வந்தபோது வரிசையில் நின்று நிலவேம்புக் கஷாயம் குடித்தவர்கள்தான் நாங்கள். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். உங்கள் குழாயில் தண்ணீர் வருவதோ பத்து நாளைக்கு ஒருமுறை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அபராதம் கட்டியவர்களில் ஒருவர் கடைசி வீட்டுப் பாட்டி. மாடித் தொட்டி, மோட்டார் எதுவும் கிடையாது. வாசலில் ஒரு நீல ட்ரம்; மூடி உடைந்துபோய் தகரம் போட்டுக் கல் வைத்திருக்கிறார். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் மஸ்தூர் பெண் டார்ச் அடித்துப் பார்த்தார், புழு நெளிந்தது. “வாரம் ஒருதடவை கொட்டிட்டு, உள்ளே நல்லா தேய்ச்சுக் கழுவணும் பாட்டி.” சரிதான், உள்பக்கம் ஒட்டிய முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆனால் கொட்டிவிட்டு, மறுபடி குழாய் வரும்வரை பாட்டி என்ன செய்வார்? வண்டித் தண்ணீர் குடம் 12 ரூபாய். ட்ரம்மைச் சாய்த்தபோது, சாக்கடைக்கு ஓடிய தண்ணீரில் ஒரு குடமாவது பிடிக்க முடியுமா என்று பாட்டி குனிந்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, தினக்கூலிக்கு வருபவர். தண்ணீரில் விட்டால் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து கேட்டோம், தீர்ந்துவிட்டதாம்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது இதுதான்: நான்கு நாளைக்கு ஒருமுறையாவது, நாள் குறித்துத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் ட்ரம்மை நாங்களே கவிழ்த்து வைப்போம்.

புகை அடிக்கிறோமே என்பீர்கள். பறக்கிற கொசு சாகும்; ட்ரம்மில் இருக்கும் புழுவுக்கு அது வெறும் வேடிக்கை. நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் குவிந்திருக்கும் பழைய டயர்களிலும் மழைத்தண்ணீர் நிற்கிறது. அதற்கு ரசீது யார் பெயரில்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். அது வரும்வரை ட்ரம் வைத்திருக்கும் வீடுகளுக்கு, அதன் வாயை மூடிக் கட்டக் கொசுவலைத் துணி கொடுங்கள். பாட்டியின் 500 ரூபாயையும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ரசீதை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருப்பவன்