‘டெசல்டரி’யும் உங்கள் சேவைப் பிரிவும்

மாட்டுங்கா, மும்பை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஒரு சொல்லுக்குத் தவறான விளக்கம், நான்கு முறை எழுதியும் திருத்தாதது

ஐயா,

என் பேத்திக்காக உங்கள் ஆங்கிலச் சொற்பயிற்சிச் செயலிக்கு 1,499 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். அதில் ‘டெசல்டரி’ என்ற பெயரடைக்கு ‘பாழடைந்த, ஆளரவமற்ற’ என்று தமிழில் பொருள் போட்டிருக்கிறீர்கள். அது ‘டெசலேட்’ என்ற வேறொரு சொல்லின் பொருள். பேத்தி அதை நம்பி, ‘தெருக்கோடியில் ஒரு டெசல்டரி வீடு’ என்று கட்டுரையில் எழுதிச் சிவப்பு மையில் ஒரு சுழிப்பு வாங்கி வந்தாள்.

நான் ரயில்வேயில் 35 ஆண்டுகள் கோப்பு பார்த்தவன். அகராதி புரட்டுவது பழைய நோய். இச்சொல் லத்தீனிலிருந்து வந்தது. பண்டைய ரோமில், ஓடும் குதிரையிலிருந்து அருகில் ஓடும் இன்னொரு குதிரைக்குத் தாவி வித்தை காட்டியவனுக்கு ‘டெசல்டர்’ என்று பெயர். எதிலும் நிலைக்காமல், நோக்கமின்றி அதையும் இதையும் தொட்டுவிட்டுப் போவதை ‘டெசல்டரி’ என்பது அதனால்தான். ‘டெசல்டரி ரீடிங்’ என்றால் நம் வழக்கில் நுனிப்புல் மேய்வது. பேச்சுக்கும் முயற்சிக்கும்கூட இச்சொல் பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது. கடையில் சாமான்கள் தாறுமாறாகக் கிடந்தால் அதற்கு ‘ஹாப்ஹசர்ட்’ இருக்கிறது. உச்சரிப்பிலும் பிழை: அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும், உங்கள் செயலியின் குரலோ இரண்டாம் அசையைப் போட்டு அமுக்குகிறது.

இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதினேன். உங்கள் பிரிவிலிருந்து பதில் எழுதிய முதலாமவர் செயலியின் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். இரண்டாமவர் கைபேசியை அணைத்துப் போடச் சொன்னார். மூன்றாமவருக்கு என் கைபேசி எந்த ஆண்டு வாங்கியது என்று தெரிய வேண்டியிருந்தது. நான்காமவர், “வணக்கம், உங்கள் பிரச்சினை என்ன?” என்று ஆரம்பித்தார். ரோமானியக் குதிரைக்காரனாவது விழாமல் தாவினான். ‘இன்சல்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான் என்பதைப் போகிற போக்கில் தெரிவித்துக்கொள்கிறேன்.

பொருளையும் உச்சரிப்பையும் 15 நாட்களுக்குள் திருத்திவிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். முடியாதென்றால் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைப்பேன். பதில் எழுதுபவர் யாரானாலும், கடைசிவரை அவரே எழுதட்டும்.

இப்படிக்கு,
சந்தா கட்டிய தாத்தா