மின்னூல்களுக்கும் நம் நூலகப் பட்டியலில் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட மைய நூலக அலுவலர் அவர்களுக்கும் பட்டியல் பிரிவில் பணிபுரிவோருக்கும்,

வணக்கம். நான் உங்கள் நூலகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உறுப்பினன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்னூல்களையும் நம் பட்டியலில் காட்டுங்கள் என்று இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறேன். போன புதன்கிழமை நடந்ததைப் பார்த்தபின் சும்மா இருக்க மனம் வரவில்லை.

சித்த மருத்துவம் படிக்கும் மாணவி ஒருத்தி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கணினியில் ஒரு பழைய நூலைத் தேடி, எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள். புத்தகம் அங்கே இல்லை. “அது உதிர ஆரம்பிச்சிருச்சும்மா, கட்டி உள்ளே வச்சாச்சு, குடுக்க முடியாது” என்றார் ஊழியர். அவர்மேல் தப்பில்லை. அந்தப் பெண் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு மனது கேட்காமல் போனில் தேடினேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே நூல், அதே பதிப்பு, அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை இருந்தது. காசு கிடையாது. நான் வாசலுக்கு ஓடியபோது பஸ் போய்விட்டது.

நம் பட்டியலில் அந்த நூலின் பதிவுக்குக் கீழே அந்த இணைய முகவரி ஒரு வரியாக இருந்திருந்தால் போதும்.

அந்த வரிக்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. நூலகங்கள் கணினிப் பட்டியலுக்குப் பயன்படுத்தும் மார்க் 21 என்ற பதிவு வடிவத்தில், இணைய முகவரிக்கென்றே 856 என்ற புலம் (நிரப்பும் கட்டம்) உண்டு. நீங்கள் பயன்படுத்தும் கோஹா என்ற நூலக மென்பொருளில் அதை நிரப்பினால் வாசகர் திரையில் இணைப்பு வந்துவிடும். டெண்டரும் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம். “இருப்புப் பதிவேட்டில் எண் இல்லாததைப் பட்டியலில் ஏற்ற முடியாது” என்று எனக்குச் சொன்னார்கள். நூலகத்தில் இருக்கும் புத்தகங்களை எண்ணிட்டு எழுதும் இருப்புப் பதிவேடு தணிக்கைக்காக இருப்பது. பட்டியல் வாசகருக்காக இருப்பது. இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்?

நாம் வாங்காத, இனி வாங்கவும் முடியாத நூல்களுக்கும் இதே வழிதான். மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்து வருகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளம் சேர்த்து வைக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் ஒவ்வொரு தாளையும் எப்படிக் காக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். தன்னார்வலர்கள் உழைத்துக் கொடுத்ததை நம் வாசகருக்குச் சொல்லக்கூட நமக்கு நேரமில்லையா?

“கூகுளில் தேடிக்கோங்க” என்பது பதில் இல்லை. அந்தப் பெண் தேடினால் லேகியம் விற்கும் விளம்பரம்தான் முதலில் வரும். எது முழுப் பதிப்பு, எது பாதி ஸ்கேன், எது திருட்டுப் பிரதி என்று பிரித்துச் சொல்வது நூலகர் வேலை. “வாசகரின் நேரத்தைச் சேமி” என்று 1931இலேயே விதி எழுதிய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். அவர் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். நாங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் பட்டியல் பிரிவில் காலியான இடங்களை நிரப்பாமல் ஒரே ஒருவரை வைத்து எல்லாவற்றையும் ஓட்டுகிறீர்கள். அவரும் பாவம், எத்தனையைத்தான் பார்ப்பார்?

சரி, கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இணைப்புகள் நாளடைவில் செத்துப்போகும் என்பது உண்மைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதற்கு என்னைப் போன்ற வாசகர்கள் சிலர் சனிக்கிழமைகளில் வந்து உட்காரத் தயார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. கட்டி உள்ளே வைத்திருக்கும் நூல்களிலிருந்து தொடங்குங்கள். உரிமைச் சிக்கல் இல்லாதவற்றுக்கும் நாட்டுடைமை ஆனவற்றுக்கும் முதலில் இணைப்புக் கொடுங்கள். பட்டியலில் மின்னூல்களுக்கு இடம் கொடுங்கள் என்று மறுபடியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாணவி தேடிய நூலின் இணைய முகவரியைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பதிவாக அதை ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்