சவ்வு ஆராய்ச்சிக்கு பிரயோஜனம் ஏற்கெனவே இருக்கு

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ் அறிவியல் பக்கத்துல, செல் சவ்வு, அதாவது செல்ல சுத்தி இருக்குற மெல்லிசான உறை, எவ்ளோ வளையும் எவ்ளோ இழுபடும்னு அளக்குற ஆராய்ச்சி பத்தி போட்டிருந்தீங்க, நல்லாவே இருந்துச்சு. ஆனா கடைசியில சாமானிய ஜனத்துக்கு இதால என்ன பிரயோஜனம்னு இனிமேதான் தெரியும்னு முடிச்சதுதான் மனசுக்கு ஒப்பல. நான் பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு லேப்ல டெக்னீஷியன். அந்த பிரயோஜனம் எங்க டேபிள் மேலயே இருக்கு சார்.

ரத்தசோகையோட கண்ணு மஞ்சளா சில பசங்க வருவாங்க. வீட்டுல காமாலைன்னு நெனச்சு கீழாநெல்லி அரைச்சு குடுத்துட்டே இருந்திருப்பாங்க, கொறையும், திரும்ப வரும். டாக்டருக்கு சந்தேகம் வந்தா ஆஸ்மாட்டிக் ஃப்ராஜிலிட்டி டெஸ்ட் எழுதுவார், உப்பு கொறஞ்ச தண்ணியில சிவப்பணு எப்போ ஒடையுதுன்னு பாக்குறது. வரிசையா ட்யூப் வெச்சு உப்புத்தண்ணிய 0.9 சதவீதத்துலேர்ந்து கொறச்சுக்கிட்டே போயி ஒவ்வொண்ணுலயும் துளி ரத்தம் விட்டு அரைமணி நேரம் கழிச்சு சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்துவோம். செல் ஒடையலன்னா மேல தெளிஞ்ச தண்ணி, அடியில செவப்பா படிஞ்சிருக்கும். ஒடஞ்சிருந்தா ட்யூப் முழுக்க செவசெவன்னு ஆயிடும். நல்ல ரத்தம் 0.5 கிட்ட வந்தாதான் ஒடைய ஆரம்பிக்கும், இந்த பசங்களுக்கு அதுக்கு முன்னாடியே ஒடஞ்சிடும்.

ஏன்னு கேட்டா அது முழுக்க ஃபிசிக்ஸ்தான். வெளிய உப்பு கொறஞ்சா தண்ணி செல்லுக்குள்ள பூந்து அது உப்பும், சவ்வு தாங்குற வரைக்கும்தான் ஒடையாம இருக்கும். சிவப்பணு காத்து எறங்குன பந்து மாதிரி ரெண்டு பக்கமும் குழிஞ்சு இருக்கு, அதே கொள்ளளவு உருண்டைக்கு வேண்டியத விட சுமார் 40 சதவீதம் கூடுதலா சவ்வு இருக்கு. சவ்வு எப்படி வேணா நெளியும், ஆனா பரப்பு மட்டும் 3, 4 சதவீதத்துக்கு மேல இழுபடாது, கிழிஞ்சிடும். அந்த கூடுதல் சவ்வு இருக்கறதாலதான் 8 மைக்ரான் அகல செல், மண்ணீரல்ல இருக்குற ஒரு மைக்ரான் இடுக்குல நொழைஞ்சு வெளிய வருது. இந்த பசங்களுக்கு சவ்வ உள்பக்கம் பிடிச்சு நிக்குற ஸ்பெக்ட்ரின் மாதிரி புரதத்துல பொறவிக் கோளாறு, அதனால சவ்வு துணுக்கு துணுக்கா கழண்டு போயி செல் உருண்டையாயிடுது, மண்ணீரல்ல மாட்டி அழியுது. அந்த மஞ்சள் அதனாலதான். ஃபால்சிபாரம்னு சொல்ற ஆபத்தான வகை மலேரியாவுலயும் கிருமி பூந்த செல் வெறச்சுப்போறது ஒரு பெரிய சிக்கல்.

1925ல ஹாலந்துல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேர் சிவப்பணுவுலேர்ந்து கொழுப்ப எடுத்து தண்ணி மேல ஒரே அடுக்கா பரப்பி அளந்தாங்க, செல்லோட பரப்புல ரெண்டு மடங்கு வந்துச்சு, சவ்வு ரெண்டு அடுக்குன்னு அப்போ சொன்னாங்க. அன்னைக்கும் இதெல்லாம் எதுக்குன்னு யாராவது கேட்டிருப்பாங்க.

எங்க வடசென்னை ப்ளஸ் டூ பசங்க ஃபிசிக்ஸ் தனி பயாலஜி தனின்னே படிக்கறாங்க, ரெண்டும் ஒரே ட்யூப்ல சேர்றத யாரும் காட்டல. நீங்க நாலு வாரம் தொடரா போடுங்க சார், லேப்புக்கு வந்து ஃபோட்டோ எடுத்தாலும் சரி. அடிக்கடி காமாலை வர்ற பசங்களுக்கு ரத்த டெஸ்ட் பாக்கணும்னு அதுல ஒரு கட்டம் கட்டி போட்டீங்கன்னா ரொம்ப புண்ணியமா போகும்.

- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை