மன்னார்குடியிலிருந்து மல்லிகாவுக்கு

மன்னார்குடி,
ஜூலை, 2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி போட்டோவும் பார்த்தேன். மூக்கு அப்படியே உன் மாமியார் மூக்கு. உண்மையைச் சொன்னால் கோபப்படாதே. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே நாளைத் தள்ளுகிறாயாமே? இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் செய்கிற காரியமா இது? போய் டாக்டரிடம் காட்டு.

இங்கே மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நட்டாகிவிட்டது. இந்த வருஷம் எங்கள் ஒன்பது மா நிலமும் மெஷின் நடவுதான். பாக்கியத்தை ஞாபகம் இருக்கிறதா? நம் வகுப்பில் கணக்குக்கு எப்போதும் முதல் மார்க் எடுப்பவள், பத்தாவதோடு நின்றவள். அவள்தான் இந்தப் பக்கம் நடவு ஆள் சேர்த்துக்கொண்டு வருவாள். ஒரு மா நடவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டு, வந்த ஆள், பாதி நாளில் போன ஆள், டீச் செலவு எல்லாம் கழித்து வரப்பில் நின்றபடியே தலைக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். பேப்பரும் கிடையாது, பேனாவும் கிடையாது. இப்போது ஒரு பக்கம் மெஷின், இன்னொரு பக்கம் மேற்கு வங்கத்திலிருந்து வருகிற ஆட்கள். மெஷினை ஓட்டுவது இருபத்திரண்டு வயதுப் பையன், ஐடிஐ படித்தவன். "இடுப்பு ஒடிய நட்ட வரைக்கும் அது பொம்பள வேல. உக்காந்து ஓட்டுற மாதிரி ஆனதும் ஆம்பள வேலையாயிடுச்சு பாத்தியா" என்றாள் பாக்கியம், சிரித்துக்கொண்டேதான். மெஷின் வருவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த வேலையை யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில்தான் வருத்தம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். "ரிசல்ட் பார்த்தாயா, எங்கே பார்த்தாலும் பெண் பிள்ளைகள்தான். இனிமேல் பசங்களுக்குத்தான் சலுகை கேட்கணும். ஏற்றத்தாழ்வு எல்லாம் நம் காலத்தோடு போச்சு" என்று எழுதியிருக்கிறாய். கணக்கைப் பார்த்தால் நீ சொல்வது சரிதான். இந்த வருஷம் பிளஸ் டூவில் பெண்கள் 96.70 சதவீதம் தேர்ச்சி, பசங்கள் 93.16. பத்தாவதில் 95.88, பசங்கள் 91.74. கல்லூரியில் சேர்வதிலும் அப்படித்தான். மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் சேர்க்கை விகிதம் 47.3, ஆண்களுக்கு 46.8. நாடு முழுவதற்கும் சேர்த்தால் பெண்களுக்கு 28.5தான். அந்த அளவில் பார்த்தால் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் மே, ஜூன் இரண்டு மாதமும் நான் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேனே, மல்லிகா. இந்த ஊரில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்ளிகேஷன் போடுவது எங்கள் கடைதான் என்று எங்கள் வீட்டுக்காரர் பெருமையடிப்பார். பாதி என்பது கொஞ்சம் ஓவர்தான், போகட்டும். அங்கே உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம், அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். மகள் 560-க்கு மேல் வாங்கியிருக்கிறாள். கூடவே வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே வெப்சைட், வேண்டிய கல்லூரியையும் பாடத்தையும் வரிசையாகக் கொடுக்கலாம். முதல் கல்லூரி எது என்று கேட்டேன். "குந்தவை நாச்சியார், ஃபிசிக்ஸ்" என்றாள் மெதுவாக. அப்பா உடனே, "தஞ்சாவூரா? அக்கா, அங்க காலேஜ் விட்டு இது வீட்டுக்கு வந்து சேர எத்தன மணி ஆகும்?" என்று என்னைக் கேட்டார். நான் பஸ் டைம் சொன்னேன். ரோட்டில் இறங்கி ஊருக்குள் போக இன்னொரு பஸ் வேண்டும் அல்லது நடக்க வேண்டும். மனக்கணக்குப் போட்டுவிட்டு, "மன்னார்குடியே போடுங்க" என்றார். எந்தப் பாடம் என்றேன். "எது இருக்கோ அது."

அவர் மோசமான மனிதர் இல்லை. மகள் மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதன்மேல் துண்டைச் சுற்றிக் கொண்டுவந்தவர். அண்ணன்காரன் திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் ஹாஸ்டலில் இருக்கிறான். அவன் சேரும்போது பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது மட்டுமில்லை, விண்ணப்பத்துக்கு ஓடிபி வர வேண்டுமே, அந்தப் பெண்ணுக்கு போன் கிடையாது. கொடுத்தது அண்ணன் நம்பர். அவன் எங்கோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான், திரும்பத் திரும்பக் கூப்பிட்டபிறகு எடுத்தான். இமெயிலும் அவனுடையதுதான். சீட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் செய்தி முதலில் அவனுக்குத்தான் போகும்.

பஸ் பாஸ் இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட்டே இல்லை, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதனால் காசு தடை என்று யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் ஆறு மணிதான் தடை. பெண் பிள்ளை எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்பதை இங்கே கடைசி பஸ்தான் முடிவு செய்கிறது.

ஆயிரம் ரூபாய் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தப் பணம் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் (இப்போது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள்). 2024-ல் பசங்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று கொண்டுவந்தார்கள் இல்லையா? போன வருஷம் ஒரு அம்மா வந்து, "மகளுக்கு வருது, மகனுக்கும் எழுதிடுங்க" என்றார். எந்த ஸ்கூல் என்றால், மகள் ஊர் அரசுப் பள்ளி, மகன் வேன் ஏறிப்போன மெட்ரிக். "அவனுக்கு வராதும்மா" என்றதும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, "லட்சம் லட்சமா கட்டுனது நாங்க, எங்களுக்கு இல்லியா?" ஒரே வீட்டில் யாருக்கு வேன், யாருக்கு நடை என்பது பிள்ளைகளுக்கு ஐந்து வயது ஆகும்போதே முடிவாகியிருக்கிறது. இப்படி எத்தனை வீடு தெரியுமா? சான்றிதழ்களை ஸ்கேன் செய்கிறவளுக்குத் தெரியும்.

நீ பசங்களைப் பாவம் என்றாய். அதை நான் மறுக்கவில்லை. மே மாதம் துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட வந்தவர்களில் பெரும்பாலும் அம்மாக்கள்தான். பையன் எங்கே என்றால் திருப்பூர், இல்லையென்றால் கேட்டரிங், பெயின்டிங், சென்ட்ரிங். பதினேழு வயதில் நாளுக்கு எழுநூறு, எண்ணூறு கையில் பார்த்தவனை மறுபடி பெஞ்சில் உட்கார வைக்க முடியுமா? அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், அம்மா சொல்வதை அவன் கேட்க மாட்டான். பள்ளியிலும் "பசங்கன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். இதே காரியத்தைப் பெண் செய்தால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். பையன் படிக்காமல் போவதை யாரும் கேள்வி கேட்பதில்லை, சம்பாதித்தால் போதும்.

நீ கவனிக்காத இடம் இதற்கு அடுத்ததுதான். பையன் நின்றால் அது பெண் தலையில்தான் வந்து விடிகிறது. போன தை மாதம் எங்கள் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் எம்.எஸ்சி. சேர வேண்டும் என்கிறாள். அவள் பாட்டி சொன்னது: "பி.எஸ்சிக்கே மாப்பிள்ளை கிடைக்கல. நம்ம ஜனத்துல பசங்க பத்தாவது, பன்னண்டாவதோட நிக்கிறானுவ. இது இன்னும் மேல படிச்சா யாருக்குக் கட்டிக்குடுக்குறது?" அவளைவிட ஒரு படியாவது கூடப் படித்தவன்தான் மாப்பிள்ளையாக வர வேண்டுமாம். சாதிக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு, பையன்கள் படிக்காமல் போகிற ஊரில் பெண்ணை நிறுத்துவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தோன்றுவதில்லை. அதனால் அந்த 96-க்கும் 93-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெண்களின் ஜெயிப்பு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இங்கே அது கல்யாணப் பேச்சில் பெண்ணுக்கு எதிராகத்தான் எடுபடுகிறது.

இதன் பலனும் கடைக்கே வரும். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வருவாள், பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குப் பட்டச் சான்றிதழ் விண்ணப்பம் போட வேண்டும் என்பாள். படித்து முடித்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். சில பேருக்குக் கடைசி வருஷத்தில் ஒரு அரியர் இருக்கும். "கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக்கலாம்னு சொன்னாங்க" என்பார்கள். சர்டிபிகேட் எதற்கு இப்போது என்று கேட்டால் பெரும்பாலும் குரூப் 4, இல்லாவிட்டால் பக்கத்துத் தனியார் பள்ளியில் டீச்சர் வேலை. எட்டாயிரம் சம்பளம். எம்.எஸ்சி., பி.எட். படித்தவளுக்கு!

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தைத்தான் 2022-ல் இந்த ஆயிரம் ரூபாயாக மாற்றினார்கள். மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூர்க்காரர், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அவர் பெயரில் தாலித் தங்கம் என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். பத்தாவது படித்தால்தான் தங்கம் என்று வைத்ததால் நிறையப் பெண்கள் பத்தாவது தாண்டினார்கள் என்பதும் நிஜம்தான். இருந்தாலும் கல்யாணத்துக்குப் பணம் என்பதைவிடப் படிப்புக்குப் பணம் என்பது நல்ல மாற்றம். எங்கள் வீட்டுக்காரர் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார், அதை விடு.

நம் கதையையே எடுத்துக்கொள். நாம் பிளஸ் டூ முடித்த 1988-ல்தான் தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தில் பெண்களுக்கென்றே பெரியார் மணியம்மை பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள். நம் வகுப்பில் ஒருத்தியாவது விண்ணப்பம் வாங்கினாளா? நான் டைப்ரைட்டிங் லோயர், ஹையர். நீ நர்சிங். என்னைவிட உனக்கு மார்க் கூட என்று நினைத்துக்கொள்ளாதே, குறைச்சல்தான். உன் மாமா வீடு தஞ்சாவூரில் இருந்தது, அதனால் உன்னை அனுப்பினார்கள். எங்களுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு சித்தப்பா, அதோடு சரி. யாராவது ஒரு சொந்தம் அந்த ஊரில் இருந்தால் பெண் பிள்ளைக்கு அந்த ஊர் திறக்கும். இன்றைக்கும் அதே நிலைமைதான்.

இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த டிராக்டர்காரர் மகள், வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரி கிடைத்தால் பக்கம்தானே என்று நானும் அப்பாவிடம் பேசிப் போட்டுவிட்டேன். கோயம்புத்தூரே கிடைத்துவிட்டது! பி.எஸ்சி. அக்ரி, மெயின் கேம்பஸ். அவள் அத்தைதான் கம்மலை வைத்து முதல் பணம் கட்டியிருக்கிறாள். ஆனால் அப்பாவுக்கு இன்னும் மனசு வரவில்லை. வேறு எங்கும் விசாரிக்காமல் நேரே கடைக்கு வந்து, "அக்கா, கோயமுத்தூர்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். உன்னைச் சொல்லிவிட்டேன். நம்பரும் கொடுத்தாகிவிட்டது.

கூப்பிடத் தயங்குகிற ஆள் அவர். அதனால் நீயே பேசு, நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மாலையில் ஏழு மணிக்கு மேல்தான் போன் எடுப்பார். ஹாஸ்டல், சாப்பாடு, பாதுகாப்பு இதையெல்லாம் அவராகக் கேட்பார், சொல். மகள் படித்து என்ன ஆகப்போகிறாள் என்றெல்லாம் நீ பிரசங்கம் பண்ண வேண்டாம், அது அவருக்கே தெரியும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரலாம் என்று மட்டும் சொல்லிவிடு. வகுப்பு ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் இரண்டு வார்த்தை பேசு. போன் அவள் கையில் இருக்காது, அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
செல்வி