காபன் றேசிங் சைக்கிளில் பின்சில்லைப் பூட்டும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது வன்னியில் மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மறுபடி வீதிக்கு வந்தன. இப்போது அவற்றுக்கு நடுவே குறைந்த விலைக் காபன் றேசிங் சைக்கிள்களையும் காண்கிறோம். சில வெளிநாட்டு உறவுகள் பெட்டியில் போட்டு அனுப்பியவை. சில இணையத்தில் பிறேமை மட்டும் வாங்கி, கிடைத்த சில்லைப் பூட்டி ஓடுபவை. ஒரு கையால் தூக்கலாம். ஏ9 வீதியில் விட்டால் பறக்கும். ஆனால் பின்சில்லு பிறேமோடு சேரும் இடத்தைப் பலர் சாதாரண சைக்கிளைப் போலவே கையாள்கிறார்கள். அதனால் வரும் ஆபத்தைப் பற்றியே இக்கடிதம்.

சாதாரண சைக்கிளில் கெட்டி இரும்பு அச்சு, இரண்டு நட், ஒரு ஸ்பனர். இறுக்கினால் இரும்பும் இரும்பும் கவ்விக்கொள்ளும். றேசிங் சைக்கிளில் அச்சு உள்ளே துளையுள்ளது. அதனூடாக ஒரு மெல்லிய கம்பி போகும். இடப்பக்கம் லீவர், வலப்பக்கம் நட். இதைத்தான் குயிக் றிலீஸ் என்கிறோம். சில்லைப் பிடித்து வைப்பது அச்சு அல்ல, அந்த லீவர் கொடுக்கும் அழுத்தம். காபன் நாரின் வழியே இழுத்தால் இரும்புக்கு ஈடுகொடுக்கும். குறுக்கே நசுக்கினால் படை படையாகப் பிரியும். குயிக் றிலீஸ் செய்வது குறுக்கே நசுக்கும் வேலை. அதனால்தான் நல்ல பிறேமில் அச்சு உட்காரும் வாயில் அலுமினியத் துண்டை ஒட்டியிருப்பார்கள். மலிவானவற்றில் அந்தத் துண்டு மெல்லியதாக இருக்கும், அல்லது வெறும் காபனிலேயே வாயை வார்த்துப் பெயின்ற் அடித்திருப்பார்கள்.

70 கிலோ ஆள் ஒருவர் எழுந்து நின்று பெடலில் முழுப்பாரத்தையும் போடுகிறார் என்று வையுங்கள். 170 மி.மீ. கிராங்கும் (பெடல் பூட்டும் கை) முன்னே 34 பல்லுச் சக்கரமும் இருந்தால் செயின் ஏறக்குறைய 170 கிலோ பாரத்துக்குச் சமமான விசையில் பின்சில்லை முன்னே இழுக்கும். செயின் வலப்பக்கம் இருப்பதால் அதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வலப்பக்க வாயில்தான் விழும். பிடி போதாவிட்டால் அச்சின் வலமுனை முன்னே நகர்ந்து, ரயர் இடப்பக்கப் பின்குழாயை நோக்கித் திரும்பும். வாய் ஒரேயொரு மி.மீ. அகலமாகிப்போனால் போதும், ரயரின் முன்பக்கம் இரண்டரை மி.மீ. சாயும். பல பிறேம்களில் ரயருக்கும் குழாய்க்கும் இடைவெளியே நாலு மி.மீ.தான். கிரவல் ரோட்டில் ஓடி வந்த ரயர் குழாயில் உரசினால் அரத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரித்தான். ஒரு பயணத்திலேயே பெயின்ற் போய்க் காபன் நார் தெரியும். இடப்பக்கக் குழாயின் உள்பக்கத்தில் கறுப்பாக மினுங்கும் தேய்வு கண்டால் ரயர் பெரிது என்று முடிவுகட்டாமல் முதலில் வலப்பக்க வாயைப் பாருங்கள்.

லீவரை மூடும் முறை பெரும்பாலும் பிழையாகவே நடக்கிறது. லீவர் சுற்றி இறுக்கும் சாமான் அல்ல, அதன் அடியில் காம் இருக்கிறது; மையம் விலகிய அந்தத் துண்டுதான் லீவரை மடக்கும்போது கம்பியை இழுத்து இறுக்குகிறது. சைக்கிளை நிலத்தில் நேரே நிறுத்தி, அச்சு வாயின் மேல்முட்டில் உட்காரும்படி சீற்றில் சற்று அழுத்துங்கள். லீவர் அச்சுக்கு நேரே வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நிலையில்தான் இறுக்கம் தொடங்க வேண்டும். அதற்கு முன்னரே இறுகினால் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அதைத் தாண்டியும் லூசாக இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். பிறகு விரல்களைச் சீற்றடியிலிருந்து பின்சில்லுக்கு இறங்கும் குழாயில் கொளுவி, உள்ளங்கையால் லீவரைத் தள்ளி மூட வேண்டும். கையில் லீவரின் தடம் பதிந்தால் சரி. இரண்டு பக்கமும் உள்ள கூம்புச் சுருள்களின் ஒடுங்கிய முனை உள்ளே, ஹப்பை (சில்லின் நடுக்குடத்தை) பார்த்தபடி இருக்கட்டும். திருப்பிப் போட்டால் சுருள் நசுங்கி இடையில் சிக்கும். அப்போது லீவர் இறுகியது போலத் தோன்றும், சில்லு இறுகியிராது.

லீவரிலும் இரண்டு வகை உண்டு. காம் உள்ளே மூடியிருக்கும் இரும்பு வகைக்குப் பிடி அதிகம், தூசு போகாது. மலிவான சைக்கிளோடு வருவது காம் வெளியே தெரியும் வகை; அடியில் ஒரு பிளாஸ்ரிக் வளையம். எங்கள் சிவப்புத் தூசும் மாரி மழையும் அந்த வளையத்தில் ஏறினால் உராய்வு கூடும். கையில் போடும் பலத்தில் பாதி தூசியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். புதுச் சைக்கிளில் முதலில் மாற்ற வேண்டிய சாமான் இதுதான். சீற்றுக்கும் போத்தல் கூட்டுக்கும் காசு செலவழிக்கிறவர்கள் இதற்குக் கை கசப்பது ஏனோ தெரியவில்லை.

எவ்வளவு இறுக்கியும் சில்லு நகர்கிறதா? சில்லைக் கழற்றி, ஹப்பின் பூட்டுநட்டுக்கு வெளியே அச்சு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். வழக்கமாக ஒரு பக்கம் ஐந்து, ஐந்தரை மி.மீ. இருக்கும். பிறேம் வாயின் தடிப்பு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வாயின் தடிப்பு ஐந்து மி.மீ.தான் என்றால் குயிக் றிலீஸ் கவ்வுவது பிறேமை அல்ல, அச்சின் நுனியை. லீவர் கல்லுப்போல் இறுகும், பிறேமில் அழுத்தமே விழாது. அச்சின் நுனியை ஒரு மி.மீ. உள்ளடங்கும்வரை நேராக அராவிவிடுவதே திருத்தம்.

கியர் மாற்றி தொங்கும் அலுமினியத் துண்டையும் (ஹாங்கர்) அசைத்துப் பாருங்கள். பல பிறேம்களில் குயிக் றிலீஸ் நட் அந்தத் துண்டின் மேல்தான் உட்காருகிறது. அதைப் பூட்டும் சின்ன ஸ்குறூ தளர்ந்தால் சில்லும் சேர்ந்து தளரும்.

எங்கள் திருத்தகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரும்புப் பிறேமில் இரண்டு பின்வாய்களுக்கும் இடையே ஒடுங்கியிருந்தால் இழுத்து அகலமாக்கிச் சில்லைப் போடுவது பழைய வழக்கம். றிம் பிறேக் றேசிங் பிறேமில் வாய்களின் இடைவெளி 130 மி.மீ., டிஸ்க் பிறேக் குயிக் றிலீஸ் ஹப் 135 மி.மீ. அந்த ஐந்து மி.மீ.ஐக் காபனில் இழுத்து எடுக்க முடியாது. இழுத்தால் குழாய் பிளக்கும், அல்லது அலுமினியத் துண்டின் பசை விடும். அதேபோல் கரியரின் காலையோ சைட் ஸ்ராண்டையோ குயிக் றிலீஸின் கீழே செருக வேண்டாம். இடையில் வழுக்கும் தகடு ஒன்று கூடினால் பிடி குறையும். நெல் மூட்டைக்கும் டபிள் போவதற்கும் வீட்டில் வேறு சைக்கிள் இருக்கட்டும்.

பசை விட்ட வாய்க்கு அறிகுறிகள் உண்டு. அலுமினியத் துண்டைச் சுற்றி மயிரிழை போலப் பெயின்ற் வெடிப்பு. பெடலை மிதிக்கும்போது மட்டும் கிறீச்சென்ற சத்தம். ஓரத்தில் வெள்ளைப் பொடி. இந்தப் பொடி முல்லைத்தீவுக் கரையோரத்துச் சைக்கிள்களில் கூடுதலாக வரும். உப்பீரத்தில் காபனும் அலுமினியமும் நேரே தொட்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அரல்டைட் பூசி ஓட்டுவது திருத்தம் ஆகாது. ஐந்து நிமிடத்தில் இறுகும் பசைகள் கடும் வெயில் சூட்டில் இளகத் தொடங்கும். பழைய பசையை முழுதாக எடுத்து, இடையில் கண்ணாடி நார்ப் படை வைத்து ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிறேமை ஓடாமல் வையுங்கள்.

டிஸ்க் பிறேக் உள்ள புதிய பிறேம்களில் 12 மி.மீ. துறூ அக்சில் (பிறேமின் ஊடாகச் செருகிப் புரியில் இறுக்கும் தடித்த அச்சு), வாய்களின் இடைவெளி 142 மி.மீ. இது கழன்று விழாது, நல்ல ஏற்பாடு. இதன் சிக்கல் புரியில். 1.0, 1.5, 1.75 மி.மீ. என்று மூன்று புரி இடைவெளிகள் புழக்கத்தில் உண்டு. தொலைந்த அச்சுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போட்டால் முதல் இரண்டு சுற்று இலகுவாகப் போகும், மூன்றாவதில் இறுகும். அதற்குமேல் சாவி போட்டால் பிறேமின் அலுமினியப் புரி உரிந்துவிடும். பழைய அச்சின் நீளத்தையும் புரியையும் குறித்து வைத்தே புதியதை வாங்குங்கள். மெல்லிய கிறீஸ் பூசி, அச்சிலேயே பொறித்துள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். பெரும்பாலும் அது 12 முதல் 15 நியூட்டன் மீற்றர்.

சைக்கிள்களுக்கான ஐஎஸ்ஓ 4210 தரநிலையின்படி, பூட்டிய சில்லைக் கழலும் திசையில் 2300 நியூட்டன் விசையோடு இழுத்தாலும் அச்சு அசையக்கூடாது. அந்தத் தரநிலையின் இலக்கம் பொறிக்காத பிறேம் இந்தச் சோதனையைக் கண்டது என்பதற்கு வாங்குபவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. இறக்குமதி செய்து விற்பவர்கள் ஒவ்வொரு பிறேமோடும் வாய்களின் இடைவெளி, தடிப்பு, அச்சின் புரி, இறுக்கும் அளவு ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலதிக ஹாங்கர் ஒன்றும் சேர்த்துக் கொடுப்பதில் அவர்களுக்குப் பெரிய நட்டம் வராது.

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சைக்கிள் ஓட்டம் வைக்கும் கழகங்களிடமும் ஒரு வேண்டுகோள். இலக்கத் துணி கட்டும் இடத்திலேயே பின்சில்லையும் பாருங்கள். முன்சில்லைச் சுவரில் முட்டவைத்து, செயினை முன்னே சிறிய சக்கரத்திலும் பின்னே பெரிய பல்லிலும் போட்டு, வலப் பெடலைக் கிடையாக வைத்துப் பாரம் கொடுங்கள். இடப்பக்க ரயர் இடைவெளி ஒடுங்கினால் அந்தச் சைக்கிளை வரிசையில் விட வேண்டாம்.

இப்படிக்கு,
சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
கிளிநொச்சி.