நிறத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரமுடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானிய உளநலச் சேவையில் இயங்கும் சக ஆதரவுப் பணியாளர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். உளநோயிலிருந்து மீண்டவரே இன்னொருவருக்குக் கைகொடுக்கும் இந்த வேலையை எங்கள் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. லண்டனில் அதே வேலையைச் செய்பவள் என்ற வகையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அது இனம்.

இங்கிலாந்தில் 2022-23இல் உளநலச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலையில் கட்டாயமாகத் தடுத்துவைக்கப்பட்டது, வெள்ளையரில் லட்சத்துக்கு 64, கறுப்பினத்தவரில் 228. மூன்றரை மடங்கு. குடும்ப வைத்தியர் வழியாக வராமல் பொலிஸ் வழியாக வைத்தியசாலைக்கு வந்து சேர்பவர்களிலும் கறுப்பினத்தவரே விகிதத்தில் அதிகம். அப்படி வந்த ஒருவரிடம் "நானும் இந்தப் பாதையால் வந்தவள்தான்" என்று என்னால் முழுமனதோடு சொல்ல முடிவதில்லை. என்னை அண்ணா தன் காரில் கூட்டிப்போனார். அவரைக் கைவிலங்கோடு கொண்டுவந்தார்கள்.

பொலிஸ் தன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது என்று எங்கள் வார்டில் ஒரு கறுப்பின இளைஞர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பில் அது பிரமை என்று ஏறிவிட்டது. ஜமேக்கா வழிவந்த என் சக பணியாளர், தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "உன்னை எங்கே எங்கே மறித்தார்கள்?" என்று கேட்டார். பஸ் தரிப்பிடம், கடைவாசல், சொந்த வீட்டுத் தெரு என்று அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நோயும் இருந்தது; மறித்துச் சோதித்ததும் நடந்ததுதான். இரண்டையும் பிரித்தறிந்து கேட்க, அதை அனுபவித்த ஒருவர் அங்கே இருக்க வேண்டியிருந்தது.

அப்படியானவர்கள் பணியில் இருக்கவேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. நோரிச் நகரின் உளநல நிலையம் ஒன்றில் இருந்த டேவிட் பென்னட் என்ற கரீபியன் வழிவந்த நோயாளி, 1993இலேயே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். இங்கே கறுப்பின நோயாளிகள் பலர் இருக்கிறோம், பணியாளர்களில் ஒருவர்கூட இல்லை, இரண்டு பேரையாவது நியமியுங்கள் என்று கேட்டார். 1998 அக்டோபரில் இன்னொரு நோயாளி அவரை இனத்தைச் சொல்லி ஏச, கைகலப்பு மூண்டது. வேறு வார்டுக்கு மாற்றப்பட்டது பென்னட்தான். அங்கே அவர் ஒரு தாதியை அடிக்க, பணியாளர்கள் பலர் சேர்ந்து குப்புற அமுக்கிப் பிடித்ததில் இறந்துபோனார். வயது 38. சுகாதாரச் சேவைக்குள் நிறுவனமயப்பட்ட இனவெறி இருப்பதைப் பின்னர் வந்த விசாரணை அறிக்கை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. 2010இல் 23 வயதான செனி லூயிஸ் என்ற கறுப்பின இளைஞர், லண்டன் வைத்தியசாலை ஒன்றில் 11 பொலிஸார் அமுக்கிப் பிடித்ததன் பின் உயிரிழந்தார். பெற்றோரின் விடாத போராட்டத்தால் 2018இல் உளநல நிலையங்களில் பலப்பிரயோகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

சக ஆதரவுப் பணியாளர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சுகாதாரச் சேவையின் கீழ்மட்டப் படிகளான 3ஆம் அல்லது 4ஆம் சம்பளப் படி. கறுப்பின நோயாளி கோபப்பட்டால் "நீங்கள் போய்க் கதையுங்கள்" என்று அனுப்புவது எங்களில் கறுப்பினத்தவரைத்தான். அதே நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அந்தப் பணியாளருக்குக் கதிரை இல்லை. அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பாரத்தை யாரும் கேட்பதுமில்லை.

எங்கள் ஆட்களுக்கும் இதில் பங்குண்டு. படிவத்தில் 'ஏனைய ஆசியர்' என்ற கட்டத்துக்குள் அடங்கிப்போகும் ஈழத்தமிழருக்குச் சீருடையைக் கண்டால் நடுங்குவது ஏன் என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்த நடுக்கத்தை அறிந்த நாங்களே வீட்டுக்குள் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசுவது என்னைக் குடைகிறது. வார்டில் எங்கள் பிள்ளைகளுக்காக வாய்திறப்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

நோயாளர்களையும் பராமரிப்பாளர்களையும் முடிவெடுப்பதில் சேர்க்கச் சொல்லும் இனச்சமத்துவச் சட்டகம் 2023இல் இங்கிலாந்தின் சுகாதாரச் சேவையில் அறிமுகமானது. அது நடைமுறைக்கு வரவேண்டுமானால், தடுத்துவைப்பு, பலப்பிரயோகம் பற்றிப் பேசும் கூட்டங்களில் சக ஆதரவுப் பணியாளர்களுக்கு இடமும், பொறுப்புக்கேற்ற சம்பளமும் வேண்டும். அடுத்த கட்டுரையை எழுதும்போது, தயவுசெய்து அவர்களில் கறுப்பினத்தவர் ஒருவரையும் தமிழர் ஒருவரையும் நேரில் கண்டு பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்