படைப்புக்குக் கூடும்போது பெட்டகத்தையும் திறங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கும் ஊர்தோறும் உள்ள நகரத்தார் சங்கங்களுக்கும் வணக்கம்.

வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்பது உங்கள் முடிவு. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தூணும் வாசல்நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும் முன், படங்களையும் கடிதங்களையும் அவை இருந்த இடத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். சுவரிலிருந்து இறங்கிக் கடைக்குப் போன படத்தில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆள் கிடைக்காது.

இதற்கு ஏற்ற நாள், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு. பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். படத்திலுள்ள முகங்களை அடையாளம் சொல்லும் ஆச்சிமார்களும் வருவார்கள். படங்களைக் கழற்றும் முன் சுவரை முழுதாக ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். சட்டத்தின் பின்னட்டையை எறிய வேண்டாம். ரங்கூன், பினாங்கு, கொழும்பு ஸ்டுடியோ முத்திரை அதில் இருக்கலாம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது. ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியைப் பிடித்திருக்கும், உரித்தால் முகமே பெயர்ந்து வரும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்: அங்குலத்துக்கு 600 புள்ளி, சிறிய படமென்றால் 1200. லேமினேஷன் வேண்டாம். பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும்.

கடிதங்களில் சிக்கல் தேதிதான். 'பிரபவ வருஷம்' என்றிருந்தால் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். தபால்தலையில் ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் 1927தான். ரங்கூன் முத்திரை விழுந்த இந்தியத் தபால்தலை மேலச்சு ஏதுமின்றி இருந்தால் 1937 ஏப்ரலுக்கு முந்தியது. மேலே 'பர்மா' என்று அச்சிட்டிருந்தால் பிந்தியது. ஆகவே உறையைக் கடிதத்திலிருந்து பிரிக்காதீர்கள், தபால்தலையைக் கிழித்தும் கொடுக்காதீர்கள். காப்பி பென்சிலால் எழுதியவற்றில் சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எழுத்து ஊதாவாகக் கரைந்தோடும். இராமபாணப் பூச்சி அரித்த தாளைத் தட்டி உதறாமல் மெல்லிய தூரிகையால் துடையுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஊர், வீட்டு விலாசம், எண் என்ற வரிசை போதும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதனால் மட்டும் ஓட்டின் ஒழுக்கு நின்றுவிடாது. மழைக்கு முன் வளவின் (உள்முற்றத்தின்) தண்ணீர்ப் போக்கை அடைப்பெடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துப் பூச்சு உரியும். படம் மாட்டிய சுவரென்றால் படமும் கெடும்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனிமனிதராகச் சேர்த்த நூல்களும் அச்சுத்தாள்களும், 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. நாடக நோட்டீசும் கல்யாண அழைப்பிதழும்கூட அதில் உண்டு. சங்கங்கள் ஊருக்கு ஒரு ஸ்கேனர் வாங்கி, பழகிய இரண்டு இளைஞர்களைப் படைப்பு நாட்களில் அனுப்பினால் பெரிய வேலை நடக்கும். அசல் குடும்பத்திடமே இருக்கட்டும். பிரதி இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருக்க வேண்டும். கடன் விவரமுள்ள கடிதங்களை யார் பார்க்கலாம் என்பதை முதல் நாளே குடும்பத்திடம் எழுதி வாங்கிவிடுங்கள்.